ஒரே கல்லில் இருவர்

அக்டோபர் 6, திங்கள்

ஒருவழியாக வந்து சேர்ந்தேன். கார் ஓடைக்கரையோடு நின்றுவிட்டது. போன மழையில் பாலம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து மலைமேல் வண்டி ஏறுவதில்லையாம். அதற்குமேல் கல்படிகள். என் முழங்கால் வலியைப் பற்றி எத்தனையோ முறை பேசியும் நிறைமதி இந்தப் படிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டதற்குச் சிரித்தாள். "சொன்னா வந்திருப்பீங்களாக்கா?"

அவளிடம் கோபப்பட முடியாது. எங்கள் புதுச்சேரி வீட்டு மாடி அறையில் இரண்டு வருடம் தங்கித் தமிழ் படித்தவள். லின் ஷூயுவான் என்ற சொந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அகராதியைப் புரட்டி நிறைமதி என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அவள் மதி. மீன்குழம்பில் எனக்கு நடுத்துண்டு கிடைப்பது அவள் வந்ததோடு நின்றது. இப்போது ஃபூஜியான் மாகாணத்தில், தன் மாவட்டத்துப் பண்பாட்டு அலுவலகத்தில் வேலை. இந்த மலையடிவார ஊர் அவள் அப்பாவுடையது. மலைமேல் கோயிலில் ஒரு பழைய சிலை இருக்கிறது, கல்லைப் பார்த்துச் சொல்ல உங்களைப்போல ஆள் இங்கே இல்லை என்று அழைத்தாள். அம்மா போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள், உடனே கிளம்பிவிட்டேன்.

படி முடிகிற இடத்தில் சிவப்புத் துணியில் என் பெயரை எழுதிக் கட்டியிருந்தார்கள். 'இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் பிலோமினா' என்று மதி படித்துக் காட்டினாள். நான் பேராசிரியர் இல்லை, தொல்லியல் துறையில் கற்சிற்பப் பிரிவில் வேலை பார்த்தவள். திருத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். துணி அழகாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கோயிலின் பெயருக்கு இரட்டை மேகம் என்று பொருள். சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மண்டபங்கள். கீழ் மண்டபம் பௌத்தருடையது. மேல் மண்டபம் தாவோ சமயத்தாருடையது, அங்கே நீளத் தாடியோடு பச்சை மாமன்னர் என்றொரு கடவுள். நடு மண்டபத்தில் மட்டும் இரு சமயமும் சேர்ந்திருக்கிறது. கிழக்கைப் பார்த்துப் புத்தர், மேற்கைப் பார்த்துத் தாவோ சமயத்தின் ஆதிகுரு லாவோ ட்சு, இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் மக்கள் புத்தரிடம் ஊதுபத்தியோடு நின்றுவிட்டு, அப்படியே சுற்றிப் போய் லாவோ ட்சுவிடமும் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்குபவர்கள் போகிற வழியில் பிள்ளையாருக்கும் ஒரு கும்பிடு போடுவது மாதிரி.

இங்கே குடியிருப்பவர்கள் இரண்டே பேர். மொட்டைத் தலையும் சாம்பல் அங்கியுமாகப் பௌத்தத் துறவி ஃபாமிங். தாவோ துறவியான ஹே அம்மா, வெள்ளை முடியை உச்சியில் முடிந்து மரக்குச்சி செருகியிருக்கிறார். சமயம் வேறு, அடுப்பு ஒன்று. இருபது வருடத்துக்குமேல் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றாள் மதி. அந்த அம்மா துறவியைத் திட்டிக்கொண்டே இருப்பதும், அவர் காது கேளாதவர்போலக் கீரை ஆய்வதும் மொழி தெரியாத எனக்கே புரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

வேலையைத் தொடங்கினேன். நல்ல கருங்கல். பீடத்தைச் சுற்றித் தாமரை இதழ்கள். தூசியைத் துடைக்கவே காலை முழுதும் ஆனது. ஹே அம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்தார். என் முழங்காலைப் பார்த்தவர் சாயங்காலம் இஞ்சி ஊறிய வெந்நீரில் துணியை நனைத்துக் கட்டிவிட்டார். சூடு தாங்கவில்லை. கையை எடுக்கவிடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை இல்லாத ஞாயிறு. அறையிலேயே செபமாலை சொன்னேன். மத்தியானம் கையோடு கொண்டுவந்த பொடியில் பூண்டு போடாமல் ரசம் வைத்தேன். துறவி மூக்கருகே கொண்டுபோய்விட்டு, கும்பிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அவர்கள் விலக்கும் பொருள்களில் பெருங்காயமும் ஒன்றாம். எனக்கு எப்படித் தெரியும்? ஹே அம்மா தன்னுடையதைக் குடித்துவிட்டுத் துறவியின் கிண்ணத்தையும் எடுத்துக் குடித்தார். பிறகு அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். துறவி சிரித்ததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. கல்லில் ஒரு வெள்ளை நரம்பு ஓடுகிறது. புத்தரின் இடது தோளில் புகுந்து, அந்தப் பக்கம் லாவோ ட்சுவின் வலது தோளில் வெளிவருகிறது. இரண்டும் தனித்தனிச் சிலைகள் அல்ல, ஒரே கல். தாமரை இதழ்களும் எங்கும் முறியாமல் இருவருக்கும் அடியில் சுற்றி வருகின்றன. உளித்தடமும் ஒரே கையினுடையது. முதலில் ஒருவரைச் செதுக்கி, பிற்காலத்தில் இன்னொருவரைச் சேர்க்கவில்லை. செதுக்கியவன் தொடங்கும்போதே இருவரையும் மனத்தில் வைத்திருக்கிறான். இதுபோல நான் எங்கும் பார்த்ததில்லை.

மதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த கைப்பேசியைக் கீழே வைத்தாள். பிறகு, "புத்தர் முன்னரும் மற்றவர் பின்னரும் செதுக்கப்பட்டிருக்க வாய்ப்பு இருக்கிறதல்லவா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். "உறுதியாகக் கூற இயலுமா?" என்றாள்.

மதி என்னிடம் இப்படிப் புத்தகத் தமிழ் பேசியே பல வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் கொத்தமல்லிக்குப் பேரம் பேசியவள் அவள். இங்கே பேச ஆள் இல்லாததால் நாக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

துணி துவைத்தேன். குளிரில் எதுவும் காயவில்லை.

அக்டோபர் 18, சனி

மதியின் அலுவலகத்திலிருந்து புகைப்படக்காரர் வந்தார். புத்தர் பக்கம் நிற்கவைத்து, முகத்தை நோக்கிக் கையை நீட்டச் சொன்னார்கள். அந்தப் பக்கமும் ஒரு படம் எடுக்கலாமே என்றேன். வெளிச்சம் போதாது என்றாள் மதி. மேற்கு வெயில் லாவோ ட்சுவின் மடியில்தான் விழுந்துகிடந்தது. ஆனால் புகைப்படத் தொழில் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கூட்டமாம். மாவட்ட அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். சிலையைப் பாதுகாக்க என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க வேண்டுமாம். நான் பேசுவதை மதி மொழிபெயர்ப்பாள். இப்போதெல்லாம் சாப்பிட அவள் வீட்டுக்குத்தான் என்னை அழைத்துப் போகிறாள். நான் ஹே அம்மாவோடு கீரை நறுக்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "நீங்க விருந்தாளிக்கா" என்கிறாள். அவள் அப்பா மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார். மீனில் நடுத்துண்டு இப்போது எனக்குத்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

கூட்டம் நன்றாக நடந்தது.

கீழ் மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பொன்னாடை போல நீலத் துணி ஒன்றைப் போர்த்தினார்கள். முன்வரிசையில் துறவியும் ஹே அம்மாவும். நான் தமிழில் பேசினேன். ஒரே கல், ஒரே காலம், ஒரே கை, இருவரையும் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது, இதுவே இந்தக் கோயிலின் பெருமை என்று சொன்னேன். மதி நிறுத்தி நிறுத்திச் சீனத்தில் சொன்னாள். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது, ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். சிலர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

முடித்ததும் ஹே அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வயதானவர், நெடுநேரம் உட்கார முடியாது.

அக்டோபர் 22, புதன்

காலையில் சமையலறைக்குப் போனேன். ஹே அம்மா இல்லை. அவர் அறைக் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. துறவி கஞ்சிக் கிண்ணத்தோடு அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததும் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானமும் அது அங்கேயே இருந்தது.

ஹே அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மதிக்குச் செய்தி அனுப்பினேன். வயதானால் அப்படித்தான் என்று பதில் வந்தது.

அக்டோபர் 23, வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. இஞ்சித் தண்ணீருக்கு யாரிடம் கேட்பது?

அக்டோபர் 24, வெள்ளி

எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் யாத்திரிகர் ஒருவர் வந்து பக்கத்து அறையில் தங்கினார். மலேசியச் சீனப் பெண்மணி, அறுபது வயதிருக்கும். என் சேலையைப் பார்த்துவிட்டு, "பசியாறிட்டீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயர் கிம் லியான். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் அப்பா கடை வைத்திருந்தாராம். பிள்ளைகளோடு விளையாடி வந்த தமிழ். பாட்டன் பூட்டன் இந்த மலைப்பக்கத்திலிருந்து போனவர்கள் என்பதால் ஊதுபத்தி ஏற்ற வந்திருக்கிறார்.

"நீங்கதானே அந்த இந்தியா மேடம்? புத்தர்தான் மொதல்ல வந்தவருன்னு சொன்னது?" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் கைப்பேசியை எடுத்து ஊர்க்காரர்கள் பகிர்ந்திருந்த படத்தைப் போட்டார். நான் பேசுகிறேன், மதி பேசுகிறாள். என் தமிழைக் கேட்டதும் கிம் லியான் நிமிர்ந்தார். மதியின் சீனத்தைக் கேட்டதும் படத்தை நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து போட்டார்.

"நீங்க ஒரே கல்லுங்கிறீங்க. இந்தப் பொண்ணு வேற என்னமோ சொல்லுதே" என்றார்.

கேட்டுக் கேட்டு எல்லாம் வாங்கினேன். புத்தர் சிலைதான் ஆதியில் இருந்தது, பின்பக்கத்தைத் தாவோக்காரர்கள் பிற்காலத்தில் கெடுத்துச் செதுக்கிக்கொண்டார்கள், இது பௌத்தக் கோயில் என்பதற்குக் கல்லே சாட்சி, இந்தியாவில் பிறந்த புத்தரை இந்தியர்தான் அறிவார். இவ்வளவும் நான் சொன்னேனாம். கோயிலை ஏதாவது ஒரு சமயத்தின் பெயரில்தான் பதிய முடியும் என்று வெகுநாளாகப் பேச்சு இருந்திருக்கிறது. பௌத்தக் கோயில் என்று பதிந்தால் நகரத்துப் பக்தர் சங்கம் ஒன்று பாலமும் சாலையும் போட்டுத் தரும். செவ்வாய்க்கிழமை துறவியிடம் கையெழுத்து வாங்கிப் பதிந்துவிட்டார்கள். மேல் மண்டபம் காட்சிக்கூடமாகிறது. லாவோ ட்சுவை மரப்பலகை அடித்து மறைக்கப்போகிறார்கள். ஹே அம்மா மாதம் முடிவதற்குள் போய்விட வேண்டும்.

ஊரே அறிந்த சேதி. நான் மட்டும் நீலத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிம் லியானைக் கையைப் பிடித்து ஹே அம்மாவின் அறைக்கு இழுத்துப் போனேன். இம்முறை கதவு திறந்திருந்தது. அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தார். கிம் லியானின் வீட்டுப் பேச்சும் இந்த மலைப் பேச்சும் ஒன்று. நான் என்ன சொன்னேன், என் வாயில் என்ன போடப்பட்டது என்று அவர் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஹே அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். கிம் லியான் என்னைப் பார்த்தார், சொல்லவில்லை.

"எதையும் மாத்தாம சொல்லுங்க" என்றேன்.

"'பேசி முடிச்சிட்டு எம் மூஞ்சியப் பாத்து சிரிச்சாளே'ன்னு கேக்குறாங்க."

அக்டோபர் 25, சனி

கிம் லியான் ஊருக்குக் கிளம்ப இன்னும் சில நாள் இருக்கிறது. அவர் துணைக்கு வரட்டுமா என்றார். வேண்டாம் என்று தனியாகவே மதியின் வீட்டுக்கு இறங்கினேன்.

வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அக்கா, தாங்கள் சற்று அமர வேண்டும்" என்று தொடங்கினாள். மொழிபெயர்ப்பில் சில சமயம் பொருள் மாறிப்போவது இயல்பு, இரு மொழிகளின் அமைப்பும் வேறு என்று அழகாகப் பேசினாள். ஒற்றுப்பிழைகூட இல்லை. நான் உட்காரவில்லை. அவளுக்கே அலுத்துப்போயிற்று.

"பாலம் போன அன்னிக்கு எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சு வலிக்கா," என்றாள். "கதவைப் பேத்து அதுல படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. ஓடைய தாண்ட முடியல. கரையிலயே போயிட்டாரு. யாரு பாலம் போட்டுக் குடுத்தா? எத்தன மனு? நீங்க மாசக் கடைசியில ஊருக்குப் போயிடுவீங்க. நான் இங்கதானே இருக்கணும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மதி."

"கேட்டேனே. உறுதியா சொல்ல முடியுமான்னு கேட்டேன். நீங்க முடியும்னீங்க."

அவ்வளவு எளிதாகச் சொன்னாள். என் சம்மதத்துக்காகக் கேட்ட கேள்வியாம் அது. நான் மறுத்ததும் நானில்லாமலே நடத்திக்கொண்டாள். அவளுடைய துக்கம் பொய்யில்லை. அது எனக்கு இன்னும் கசப்பாக இருந்தது. வெறும் பேராசைக்காரியாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

எதற்கு நான், இங்கே ஆளா இல்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க இருக்கிறவங்கள யாரும் நம்ப மாட்டாங்க. உங்கள நம்புவாங்க. அதுவுமில்லாம..." என்று நிறுத்தினாள். நான் விடவில்லை. "உங்களுக்குச் சீனம் தெரியாதுக்கா."

திரும்பிப் படியேறும்போது அம்மாவின் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. மதி எங்கே, மதி வருவாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை என்று மதி அழுதாள். நானும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். சீட்டுக் கிடைக்காமல்தான் இருந்திருக்கும். இன்றுவரை அதைச் சந்தேகப்பட்டதில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கிம் லியானைக் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகம் போனேன். அதிகாரி தேநீர் கொடுத்தார். நான் சொல்லச் சொல்லக் கிம் லியான் சீனத்தில் சொன்னார். நடுவில் குரல் உயர்ந்தது அவருக்குத்தான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரா என்று விசாரித்தார். இல்லை. அப்படியானால் முறைப்படி பதிவுசெய்ய அலுவலகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தார். இந்த மாவட்டத்தில் ஒருவர்தான் இருக்கிறாராம்.

வந்துவிட்டோம்.

அக்டோபர் 28, செவ்வாய்

பலகை அடித்தார்கள். தச்சர்கள் வேலை செய்யும்போது துறவி ஃபாமிங் புத்தர் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் இமை துடித்தது. நான் அந்தப் பக்கம் போய், லாவோ ட்சுவின் முன்னால் நின்றுகொண்டேன். தச்சர்கள் தயங்கினார்கள். மதியின் அப்பா வந்து, மிகவும் மரியாதையாக, என் முழங்கையைத் தொட்டு நகர்த்தினார். நகர்ந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு கிம் லியான் துறவியிடம் நேராகவே கேட்டார், பொய்யென்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று. அவர் சொன்ன பதிலைக் கிம் லியான் தமிழில் சொன்னார்: "கோயில் மொத்தமா இடிஞ்சு விழறதுக்குப் பாதி நிக்கட்டும்னு பாத்தேன்னு சொல்றாரு." சாயங்காலம் கிம் லியானும் தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு மலையிறங்கிவிட்டார்.

அக்டோபர் 29, புதன்

மதி ஓடைக்கரையில் காரோடு நிற்பதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். விமான நிலையம் வரை கொண்டுவிடுவாளாம்.

காலையில் ஹே அம்மா ஒரு மரப்பெட்டியைத் தானே படி வழியாக இழுத்துக்கொண்டு போனார். நகரத்தில் தங்கை வீடு இருக்கிறதாம். துறவி வெளியே வரவில்லை. நான் என் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார். மறுபடி பிடித்தேன். மறுபடியும் தட்டிவிட்டார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

இருவருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். எங்கே முழங்கால் மடங்குமோ என்று பயந்துகொண்டே வந்தேன். ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நான் நின்ற இடத்திலெல்லாம் நின்றார். ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த மரத்தண்டுகள்மேல் நடந்து கடந்தோம். மதி காரிலிருந்து இறங்கி "அக்கா" என்றாள். நாங்கள் இருவரும் அவளைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். அவள் பின்னால் வரவில்லை.

பேருந்தில் ஏறியதும் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஹே அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால். நகரம் வந்ததும் எழுந்து, இறங்கும் வழியில் என் பக்கம் நின்று, என் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். சின்ன வார்த்தை. நான் தலையை ஆட்டினேன். இறங்கிப் போய்விட்டார்.

மறந்துபோகும் முன் அந்த ஒலியைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டேன். பூசை முடிந்து வந்தவர்களில் பக்கத்து வீட்டு ஜெரோம் அண்ணன் நின்று, "சீனாப் பொண்ணு எப்படி இருக்கு? அம்மா மேல உசுரா இருக்குமே" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

அவளிடமிருந்து காலையிலேயே செய்தி வந்திருந்தது. அம்மாவுக்கு என் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கக்கா. வேறு எதுவும் எழுதவில்லை. ஏற்றாமல்தான் எழுந்தேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து ஏற்றினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாளே, அதற்காக. பதில் போடவில்லை.

வீட்டுக்கு வந்து ஹே அம்மா சொன்ன வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். போய்வருகிறேன் என்பதா, நாசமாய்ப் போ என்பதா? முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கஞ்சி ஊற்றும்போதும் அந்த அம்மாவுக்கு அதே முகம்தான். கிம் லியானிடம் கேட்கலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். வார்த்தையைத் தமிழில் தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன்.

நல்ல வார்த்தையாக இருந்தால் அப்படியே சொல்வார். கெட்ட வார்த்தையாக இருந்தாலும், கிம் லியான் நல்ல மனுஷி, நல்லதாகத்தான் சொல்வார்.